அவினோ எழுதிக் கொடுத்த சாயங்காலம்

அவினோ தன் வாழ்நாளில் பனி பெய்து பார்த்ததில்லை. ஆனாலும் கூரையில் சேரும் பனியை எப்படி வழித்துத் தள்ளுவது, ஏணியை எப்படிச் சாய்த்தால் வழுக்காது என்று அவள் எழுதிய கட்டுரையைப் பல்லாயிரம் பேர் படித்துவிட்டு மண்வாரி வாங்கியிருக்கிறார்கள். மெத்தை, நாய்த்தீனி, நீச்சல்குளத்து மோட்டார், விவாகரத்து வக்கீல் என்று அவள் எழுதாத விஷயம் குறைவு. வரைபடத்தில் தேடினாலும் சிக்காத ஏதோ ஒரு சின்ன ஊரின் பல் மருத்துவருக்கு, ‘மூன்று தலைமுறையாக உங்கள் புன்னகையைக் காத்து வருகிறோம்’ என்று எழுதிக் கொடுத்தவளும் அவள்தான். அந்த மருத்துவருக்குத் தாத்தா இருந்தாரா என்பதே அவளுக்குத் தெரியாது.

கிசுமு நகரில் மிகோசிப் பக்கம் மாடியில் ஓர் அறை. கீழே தையற்கடை. காலையில் தையல் இயந்திரம் ஓட ஆரம்பித்ததும் இவளும் மடிக்கணினியைத் திறந்துவிடுவாள். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கத்தான் படித்தாள். படிப்பு முடிந்து எட்டு வருஷம் ஆகியும் அரசாங்கத்திலிருந்து வேலைக்கான கடிதம் வரவில்லை. வயிறு கடிதத்துக்காகக் காத்திருக்குமா? கூடப் படித்த ஒருத்தி வழிகாட்ட, இந்த எழுத்து வேலைக்குள் வந்தாள். யாருக்கோ எழுத வேண்டும், அவர்கள் பெயரில் அது போகும், இவள் பெயர் எங்கும் இருக்காது. அதைப்பற்றி அவளுக்கு வருத்தமும் இருந்ததில்லை. ஊர்ப் பெண்களுக்கெல்லாம் சடை பின்னிவிடுகிறவள் ஒவ்வொரு சடையிலும் தன் பெயரை எழுதியா வைக்கிறாள்?

அவளுடைய கெட்டிக்காரத்தனம் குரல் பிடிப்பதில் இருந்தது. ஒருவர் பேசி அனுப்பிய ஒலிப்பதிவைப் பத்து நிமிஷம் கேட்டால் போதும். அவர் எங்கே இழுப்பார், எந்த வார்த்தையை வாயில் வைத்து மெல்லுவார், எதைச் சொல்லாமல் தாண்டிப் போவார் என்று பிடித்துக்கொள்வாள். அதனால் நாளாவட்டத்தில் ஆட்களின் வாழ்க்கைக் கதைகளும் அவளிடம் வந்தன. வேலை பிடித்துக் கொடுத்தவன் நைரோபியில் இருந்த முட்டிசோ. நேரில் பார்த்ததில்லை. போனில் எப்போதும் ஏதோ தின்றுகொண்டே பேசுவான்.

ஏரிக்கரையில் கெண்டு ஊரில் இருந்த அவள் அம்மா சிப்ரோசாவிடம், மகள் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், கம்ப்யூட்டரில் வெள்ளைக்காரர்களுக்கு எழுதிக் கொடுக்கிறாள் என்பாள். ஏன், அவர்களுக்கு எழுதத் தெரியாதா என்று பக்கத்து வீட்டுத் துர்பேனா ஒருமுறை கேட்டாள். அன்று முழுக்க அந்தக் கேள்வி சிப்ரோசாவை அரித்தது.

அவினோவுக்கு ஒரே தம்பி, ஒடேரோ. படகு மோட்டார் பழுது பார்ப்பவன். கரையில் எந்தப் படகின் இன்ஜின் முரண்டு பிடித்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். கோபித்துக்கொண்ட புதுப்பெண்டாட்டியிடம் பேசுவதுபோல இன்ஜினோடு பேசிக்கொண்டே கழற்றி மாட்டுவான். சாயங்காலம் வேலை முடிந்து, கள்ளிவேலிக்கு அப்பால் ஒற்றையடிப் பாதையில் ஏறி வரும்போதே இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு சீழ்க்கை அடிப்பான். அது அம்மாவுக்குச் சேதி. அந்தச் சத்தம் கேட்டதும் சிப்ரோசா அடுப்பில் சோளமாவுக் களியான உகாலிக்கு உலை வைப்பாள். அவன் கை கால் கழுவி, கோழிகளை விரட்டி, வந்து உட்காரும்போது களி கிண்டி இறக்கியிருப்பாள். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் தப்பியதில்லை.

இருபத்தாறு வயதில் அவன் போனான். நடு ஏரியில் இன்ஜின் நின்று தவித்த படகு ஒன்றுக்கு உதவப் போனான். காற்று திரும்பிவிட்டது. அந்தப் படகில் இருந்த நாலு பேரும் பிழைத்தார்கள், உதவப் போனவன் பிழைக்கவில்லை. மூன்றாம் நாள் நாணல் பக்கம் ஒதுங்கினான். அவன் தனக்கென்று கட்டிக்கொண்ட சின்ன வீட்டின் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

அடக்கத்தின்போது சிப்ரோசா அழுததை ஊரே பார்த்தது. அதற்கு ஒரு மாதம் கழித்து நடந்ததை அவினோ மட்டும்தான் பார்த்தாள். அம்மாவைத் தனியே விடக்கூடாதென்று அவள் அங்கேயே தங்கியிருந்த நாட்கள். ஒரு சாயங்காலம், ரோட்டில் சவாரி தேடிய மோட்டார் சைக்கிள்காரன் ஒருவன் யாரையோ பார்த்துச் சீழ்க்கை அடித்தான். கீரை அரிந்துகொண்டிருந்த சிப்ரோசா எழுந்தாள். பானையைக் கழுவினாள், தண்ணீர் ஊற்றினாள், அடுப்பில் வைத்தாள், மாவு டப்பாவைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு பாதையைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். தண்ணீர் கொதித்தது. அவள் மாவு போடவில்லை. கொதித்துக் கொதித்துச் சுண்டி, கடைசிச் சொட்டும் சுருண்டு, பானை காய்ந்து கருகல் வாசம் வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவினோ எழுந்துபோய்த் துணியால் பிடித்துப் பானையை இறக்கினாள். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. அன்றைக்கு உகாலியும் இல்லை.

அடுத்த வருஷம் ஹெலனின் வேலை வந்தது.

ஹெலனுக்கு அறுபது வயதிருக்கும், ஏரிகள் உறைந்துபோகிற குளிர் நாடு. அவளுடைய அண்ணன் டேனியல் வாலிபத்தில் ஏரிமேல் நடந்து போனபோது பனிப்பாளம் உடைந்து உள்ளே போய்விட்டான். அதை ஒரு புத்தகமாக எழுத வேண்டும் என்று ஹெலனுக்கு ஆசை. முட்டிசோ ஒப்பந்தத்தை அனுப்பினான். எழுதியது யார் என்று எந்தக் காலத்திலும், எவரிடமும், எந்த விதத்திலும் சொல்லக்கூடாது என்று அதில் மூன்று இடத்தில் இருந்தது. அவினோ அப்படிப்பட்ட காகிதங்களில் எத்தனையோ முறை கையெழுத்துப் போட்டவள். இதிலும் போட்டாள். அக்காலத்தில் சின்னக் கட்டுரைகளெல்லாம் எந்திரமே எழுதிக்கொள்ள ஆரம்பித்திருந்தது. மெத்தையும் நாய்த்தீனியும் வருவது நின்றுவிட்டது. புத்தக வேலை ஒன்றுதான் கையில் மிச்சம்.

ஹெலன் நல்லவள்தான். மணிக்கணக்கில் பேசி அனுப்பினாள். ஆனால் அண்ணனைப் பற்றி அவளிடம் சொல்ல அதிகம் இல்லை. அவன் போட்டிருந்த சட்டையின் நிறம், மீட்க வந்த வண்டி, சவப்பெட்டியின் மரம் இவைதான் அவளுக்கு ஞாபகம். அம்மா என்ன செய்தாள் என்று அவினோ எழுதிக் கேட்டாள். அம்மா ஒன்றும் செய்யவில்லை, அவன் அறையைப் பூட்டினாள், அதற்குப் பிறகு அவன் பெயரையே எடுக்கவில்லை, இன்று முதியோர் இல்லத்தில் இருக்கிறாள், இன்னும் எடுக்கவில்லை என்று பதில் வந்தது.

அவினோ அதை அப்படியே எழுதினாள். திரும்பி வந்தது. வேறுவிதமாக எழுதினாள். அதுவும் திரும்பி வந்தது. நாலாம் முறை முட்டிசோ கூப்பிட்டான்.

“நல்லாத்தான் இருக்கு அவினோ. ஆனா படிச்சா நெஞ்ச அடைக்கணும். அடைக்கல. பூட்டின ரூம வெச்சு நான் என்ன பண்ண? அந்தம்மா ஏதாச்சும் செய்யட்டும். ஒரு சட்டையையாவது மடிச்சு வெக்கட்டும்.”

அவள் வீம்புக்காகத்தான் உட்கார்ந்தாள். சட்டை மடிப்பதை எழுத ஆரம்பித்தாள். கை சட்டையை எழுதவில்லை. சீழ்க்கையை எழுதியது. எழுந்த அம்மாவை எழுதியது. பானை, தண்ணீர், பாதையைப் பார்த்த பார்வை, கருகல் வாசம். உகாலியை உருளைக்கிழங்காகவும், கள்ளிவேலியை மரவேலியாகவும், மோட்டார் சைக்கிள்காரனை வீடு வீடாகப் பால் போடுகிறவனாகவும் மாற்ற மட்டும் அவளுக்குப் புத்தி இருந்தது. எழுதும்போது கண்ணிலிருந்து நீர் வழிந்து தாடையில் சொட்டியது. தம்பி செத்து ஒன்றரை வருஷத்தில் அவள் அப்படி அழுதது அன்றுதான். அடக்கத்தில் அழ முடியவில்லை, வந்தவர்களுக்குச் சாப்பாடு பார்க்க வேண்டியிருந்தது. எழுதி முடித்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது. அந்த லேசிலேயே, திரும்பப் படிக்காமல், அனுப்பிவிட்டாள்.

ஹெலன் ஒலிப்பதிவு அனுப்பினாள். குரல் உடைந்திருந்தது. ஆமாம், அம்மா அப்படித்தான் செய்தாள், எனக்கு இப்போதுதான் ஞாபகம் வருகிறது, உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டாள். முதலில் அவினோவுக்குப் பெருமையாக இருந்தது. இன்னொரு தடவை கேட்டபோது, ஹெலன் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே ஞாபகம் வந்துதான் பேசுகிறாள் என்பது புரிந்து, பயந்துபோனாள். அந்தப் பக்கத்தை எடுத்துவிடலாம் என்று முட்டிசோவுக்கு எழுதினாள். புத்தகத்துக்கு முகமே அதுதான், முகத்தை வெட்டச் சொல்கிறாயா என்று பதில் போட்டான்.

புத்தகம் வந்தது. பெரிதாக ஓடியதென்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பானைப் பக்கம் மட்டும் தனியாகக் கழன்று, ஹெலனின் பெயரோடும் ஒரு பனி ஏரிப் படத்தோடும் கைபேசி கைபேசியாக ஊர் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிச் சுற்றிக் கெண்டுவுக்கும் வந்தது.

கெண்டுவில் ஒகுட்டு வாத்தியார் என்று ஒருவர். ஓய்வு பெற்றவர். புதன்கிழமை தோறும் சபைப் பெண்களின் ஜெபக்கூட்டத்தில் ஏதாவது நல்லதை தங்கள் லுவோ மொழியில் வாசித்துக் காட்டுவார். ஒரு புதன்கிழமை இதை மொழிபெயர்த்துக் கொண்டுபோய் வாசித்தார். உருளைக்கிழங்கு அவருக்குச் சரியாகப்படவில்லை, கேட்கிறவர்களுக்குப் புரியட்டும் என்று அதை உகாலி ஆக்கிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை அவினோ ஊருக்குப் போனபோது அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். முகம் வேறு மாதிரி இருந்தது. உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, டீயைக்கூட ஊற்றாமல் ஆரம்பித்துவிட்டாள்.

“புள்ள, எங்கயோ பனி ஊர்ல ஒரு பொம்பள. அவளுக்கும் மகன் தண்ணில போயிட்டான். அவளும் விசில் சத்தம் கேட்டு உலை வெச்சிருக்கா. வெச்சு, என்னை மாதிரியே காய விட்டிருக்கா. உனக்கு ஞாபகம் இருக்குல்ல? நீ இருந்தியே அன்னைக்கு.”

ஞாபகம் இருக்கிறது என்றாள் அவினோ.

வாத்தியார் வாசித்து முடித்ததும் தான் எழுந்து நின்றதாகச் சிப்ரோசா சொன்னாள். என் வீட்டிலும் இது நடந்தது, எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று இரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லாமல் இருந்தேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாளாம். கேட்டுவிட்டு இன்னொருத்தி எழுந்து, செத்துப்போன மகளுக்கு இன்றும் பாய் விரிப்பதைச் சொன்னாளாம். அப்புறம் இன்னொருத்தி. கூட்டம் முடியவே இருட்டிவிட்டதாம்.

“நான் மட்டும் இல்ல. பாத்தியா? கடல் தாண்டி ஒருத்தி இருக்கா எனக்கு,” என்றாள் சிப்ரோசா. சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஒடேரோ போன பிறகு அவள் பல் தெரியச் சிரித்து அவினோ பார்த்ததில்லை.

அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும். பின்னாளில் அவினோ இதைத் தனக்குத்தானே எத்தனையோ முறை சொல்லிக்கொண்டாள். சொல்லவில்லை. அம்மா ஒரு கடிதம் எழுதச் சொன்னாள். அவினோ காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உன் அம்மாவுக்குச் சொல் என்று ஹெலனுக்குச் சிப்ரோசா எழுதவைத்தாள். இங்கே ஏரிக்கரையில் ஒருத்தி இருக்கிறாள் என்று சொல். அவள் பானையும் காய்ந்தது என்று சொல். உன் அண்ணனுக்காக நானும் ஜெபம் பண்ணுகிறேன், என் மகனுக்காக அவளைப் பண்ணச் சொல். அவினோ ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டு போனாள். அனுப்பவில்லை. மேஜை இழுப்பறையில் வைத்தாள்.

ஆறு வாரம் அம்மா ஒவ்வொரு போனிலும் பதில் வந்ததா என்று கேட்டாள். வெள்ளைக்காரி பதில் போட்டுவிட்டாளா என்று துர்பேனாவும் வழியில் பார்க்கும்போதெல்லாம் விசாரிப்பதாகச் சொன்னாள். ஏழாம் வாரம் அவினோ உட்கார்ந்து ஹெலனாக ஒரு பதில் எழுதினாள். கஷ்டமே இல்லை. ஒரு வருஷம் அந்தக் குரலில் வாழ்ந்தவள். அன்புள்ள சிப்ரோசா, உங்கள் கடிதத்தை என் அம்மாவுக்கு வாசித்தேன், அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார் என்று எழுதினாள். எழுதியதிலேயே நல்ல எழுத்து அதுதான் என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

ஹெலனிடமிருந்து வந்தது என்று அவினோ கொடுத்த அந்தக் கடிதத்தை வாத்தியார் புதன்கூட்டத்தில் வாசித்தார். சிப்ரோசா அதை மடித்து வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டாள். காலை ஜெபத்தில் ஒடேரோவின் பெயரோடு டேனியலின் பெயரும் சேர்ந்துகொண்டது.

மூன்றாம் வருஷ நினைவு நாள் வந்தது. கல்லறைக்குச் சிமெண்ட் பூசியாகிவிட்டது. கொட்டகைக்கும் நாற்காலிகளுக்கும் சொல்லியாகிவிட்டது. முந்தின நாள் பெண்கள் வந்து கீரை ஆய்ந்துகொண்டும், மாவு சலித்துக்கொண்டும் இருந்தார்கள். அவினோ தண்ணீர்க் குடத்தோடு வந்தபோது, துர்பேனா யாரிடமோ பேசுவதுபோல ஆனால் சிப்ரோசா காதில் விழும்படி சொல்லிக்கொண்டிருந்தாள்.

“வெள்ளைக்காரி பானை காஞ்சுதுன்னு வாத்தியார் வாசிச்சப்புறம்தானே இவ பானையும் காஞ்சுது? அதுவரைக்கும் நல்லாத்தானே களி கிண்டித் தின்னுக்கிட்டு இருந்தா. துக்கத்தக்கூட இரவல் வாங்குறாளுக இந்தக் காலத்துல.”

ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். சிப்ரோசா சல்லடையைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போனாள். அவினோ பின்னாலேயே போனாள்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கையில் மாவு அப்படியே இருந்தது. நாளைக்குக் கல்லறையில் நீ வாசிக்கப்போகிற ஒடேரோவின் வாழ்க்கைக் குறிப்பில் பானையையும் எழுது என்றாள். நீதான் சாட்சி, நீ எழுந்து சொன்னால் ஒருத்தியும் வாயைத் திறக்க முடியாது. கூடவே டேனியல் பெயரையும் சேர்த்து வாசி, கல்லறையில் இரண்டு பிள்ளைக்கும் சேர்த்து ஜெபம் பண்ணிவிடலாம்.

அவினோ தரையில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். முட்டிசோவை, ஒப்பந்தத்தை, திரும்பித் திரும்பி வந்த அந்த அத்தியாயத்தை, அனுப்பிய பானையை, அனுப்பாத கடிதத்தை. வேதாகமத்துக்குள் இருக்கும் பதிலையும் தானே எழுதியதாகச் சொன்னாள். வெளியே யாரோ சர்க்கரை எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சிப்ரோசா மெதுவாகக் கேட்டாள். “அப்ப அந்தப் பையன்? அவனும் பொய்யா?”

“இல்லம்மா. அவன் நெசம். நெசமாவே செத்தான்.”

“அவன் அம்மா?”

“இருக்காங்க. அவங்க ரூமப் பூட்டிட்டாங்களாம். மகன் பேரையே எடுக்கலயாம். இன்னைக்கு வரைக்கும்.”

சிப்ரோசா தலையை ஆட்டினாள். அந்தப் பூட்டிய அறைதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட நன்றாகப் புரிந்ததுபோல இருந்தது.

“என்னுத எடுத்து அவ மேல போத்திட்ட,” என்றாள். “இனிமே அவளுது என்னன்னு யாருக்கும் தெரியாது. என்னுதும் என்னுது இல்லன்னு வெளிய பேசிக்கிறாளுக. ரெண்டு பேரையும் ஒரே கையால அழிச்சிட்டியே புள்ள.”

நாளைக்கு எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஒப்பந்தம் என்ன ஆனாலும் ஆகட்டும் என்றாள் அவினோ. அம்மாவின் காலைப் பிடித்தாள். சிப்ரோசா காலை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் குனிந்து பார்க்கவும் இல்லை.

“நாளைக்கு நீ வாயத் தொறக்காத. என் மகன் சாவ நான் யார்கிட்டயும் நிரூபிக்க வேண்டாம்.”

எழுந்து வேதாகமத்தைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்தாள். கிழிப்பாள் என்று அவினோ நினைத்தாள். கிழிக்கவில்லை. உன்னுடையது, வைத்துக்கொள் என்பதுபோல மகள் மடியில் வைத்துவிட்டு, சல்லடையைத் தேடி வெளியே போனாள்.

மறுநாள் ஒகுட்டு வாத்தியார்தான் வாசித்தார். பிறந்த தேதி, படித்த பள்ளி, செய்த தொழில், இறந்த தேதி. அரைப் பக்கத்துக்கும் குறைவு. மகள் எழுத்துக்காரி, ஏதாவது உருக்கமாக வரும் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டேனியலின் பெயர் வரவில்லை. ஜெபத்தின்போது மட்டும் சிப்ரோசாவின் உதடு மற்றவர்களைவிடக் கொஞ்சநேரம் கூடுதலாக அசைந்தது. அவள் யாருக்காகப் பண்ணினாள் என்று அவினோவுக்குத் தெரியாது. துர்பேனா இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, காரியம் குறைவில்லாமல் நடந்தது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கிசுமுவுக்குத் திரும்பியதும் அவினோ வாழ்க்கைக் கதை எழுதுவதை விட்டுவிட்டாள். முட்டிசோ இரண்டு மூன்று முறை கூப்பிட்டான். ஹெலனுக்கு அடுத்த புத்தகம் எழுத ஆசை, உன்னைத்தான் கேட்கிறாள் என்றான். அவள் முடியாதென்றாள். மருந்துப் பெட்டிக்குள் வைக்கிற காகிதம், விடுதிகளின் விதிமுறை, தண்ணீர்த் தொட்டி விளம்பரம் என்று யாருடைய அம்மாவும் வராத எழுத்தாகத் தேடிப் பிடித்தாள். வருமானம் குறைந்தது. கீழே தையற்கடையில் சாயங்காலங்களில் கணக்குப் பிள்ளைபோல உட்காரவும் செய்தாள்.

ஹெலனுக்கு உண்மை தெரியாது. அவள் இப்போது கூட்டங்களில் அந்தப் பக்கத்தை வாசிப்பதை, ஒருநாள் கைபேசியில் வந்த படத்தில் அவினோ பார்த்தாள். நரைத்த தலை, மெல்லிய உருவம், கண் கலங்கியிருந்தது. அவளைக் குறை சொல்ல அவினோவுக்கு மனம் வரவில்லை. நம்பும்படி எழுதிக் கொடுத்தவள் இவள்தானே.

ஊருக்கு மாதம் ஒருமுறை போவது நிற்கவில்லை. அம்மா சண்டை போடவும் இல்லை. டீ ஊற்றினாள், மீன் பொரித்தாள், இளைத்துப்போய்விட்டாய் என்றாள். ஆனால் ஒடேரோவைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். மற்றவர்களிடம் பேசுவாள். ஒருமுறை அவினோ வேலிக்கு வெளியே வந்து நின்றபோது, உள்ளே அம்மா யாரிடமோ அவனைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. சின்ன வயதில் அவன் செய்த ஏதோ குறும்பு. இவள் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்ததும் பேச்சு மழைக்குத் தாவிவிட்டது. திருடன் வருகிற நேரத்தில் நகையை முந்தானையில் முடிகிறவள்போல அம்மா வாயை மூடிக்கொண்டதை அவினோ பார்த்தாள். தம்பியின் இளம்வயதில் பாதி அவளுக்குத் தெரியாது, அப்போது அவள் விடுதியில் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பாதி அம்மாவிடம்தான் இருந்தது. கேட்கிற உரிமையை எங்கே தொலைத்தாள் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு மழைக்காலம் போயிற்று. ஒருநாள் இருவரும் நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா கை நின்றது. மகளின் கையைப் பார்த்தாள், அதில் கடலைத் தோல் மட்டும் இருந்தது.

“எழுதிட மாட்டியே?”

“மாட்டேம்மா.”

சிப்ரோசா இன்னும் நாலு கடலை உடைத்தாள். பிறகு, ஒடேரோவுக்கு ஏழு வயதில் நடந்த ஒன்றைச் சொன்னாள். சின்ன விஷயம். முறத்தில் இருந்த கடலை தீரும்வரை நீண்டது. அவினோ நடுவில் ஒன்றும் கேட்கவில்லை. முடித்ததும் அம்மா தோலை உதறிவிட்டு எழுந்து ஆட்டைக் கட்டப் போனாள்.

அது என்ன என்று அவினோ இன்றுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. அடுத்த மாதம் போனபோது அம்மா ஒடேரோவைப் பற்றி வேறொன்றும் சொல்லவில்லை. அதற்கடுத்த மாதமும் சொல்லவில்லை. அவினோ கடலை உடைத்துக் கொடுத்துவிட்டு, கடைசி வண்டிக்குக் கிளம்பிவந்தாள்.